செலவான மருந்து: இல்லை

பன்றிக் கொட்டிலை ஒரு நாளைக்கு இரண்டு முறை கழுவச் சொன்னவன் நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கே தோன்றி, நானே உத்தரவு போட்டு, எப்படிக் கழுவ வேண்டும் என்று விளக்குமாற்றைக் கையில் பிடித்தும் காட்டினேன். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியவில்லையே என்பதுதான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கால்நடைத் துறையில் உதவியாளர் வேலை கிடைத்தது. மலையாள எல்லையோரச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம் எங்களுடையது. மாடுகளுக்கு நடுவில் வளர்ந்தவன் என்பதால் மாடுகளைத்தான் கொடுப்பார்கள் என்று நம்பிப் போனேன். ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பி வைத்தார்கள். தோட்டம் இடமும் ஆளும் கொடுத்து, துறை பன்றிகளைக் கொடுத்து, அங்கே ஒரு பன்றி வளர்ப்புத் திட்டம் தொடங்கியிருந்தது. வீட்டில் பன்றி என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. மிருகாஸ்பத்திரியில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். விடுமுறைக்குப் போனால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்ப்பாள்.

"ஏங் கண்ணு, இது மாட்டு வாசமாட்டத் தெரியிலயே?"

"மல மாடு இப்படித்தானுங்கம்மா நாறும்" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடிவிடுவேன்.

கொட்டில் புதிது. சிமெண்டுத் தரை, உள்ளே இடுப்புயரத் தடுப்புச் சுவர், ஒரு ஜன்னல், சுண்ணாம்பு அடித்த உட்புறம், தண்ணீர் வடிய ஒரு சாய்வு. இரண்டு தாய்ப்பன்றிகள், இரண்டும் வெள்ளைச் சாதி, இரண்டும் சினை. எனக்குப் பன்றியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் கட்டுத்தரையைப் பற்றித் தெரியும். எங்கள் பக்கம் ஒரு குடியானவனின் யோக்கியதையை அவன் கட்டுத்தரையைப் பார்த்துத்தான் எடை போடுவார்கள். கன்று கட்டுகிற இடத்தில் சாணியும் ஈரமும் கிடந்தால் அந்த வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இன்னொன்றும் எங்களுக்குப் பால்குடி நாளிலிருந்தே தெரியும்: கன்றுக்குட்டி மண்ணைத் தின்னக் கூடாது. தின்றால் வயிற்றில் புழு வைக்கும். மண்ணை நக்குகிற கன்றுக்கு அன்றைக்கே பனையோலையில் வாய்க்கூடை முடைந்து கட்டிவிடுவோம். இந்த இரண்டு ஞானத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் நான் மலையேறியிருந்தேன்.

கொட்டில் வேலைக்குத் தோட்டம் ஒரு பெண்ணைக் கொடுத்திருந்தது. முப்பது வயது இருக்கும். பத்து வருஷமாகக் கொழுந்து பறித்தவள். இப்போது மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று கங்காணி இவளை இந்த லேசான வேலைக்குத் தள்ளிவிட்டிருந்தார். மூன்றாவது பிள்ளை வயிற்றில். இரண்டு மாதம் என்றார்கள். அவளுடைய அப்பா காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலைக்கு வந்த குடும்பம். நான் ஊர் வழக்கப்படி அவளையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவேன். அது அவளுக்குப் பெரிய வேடிக்கை.

"சார் பன்னியக்கூட 'எந்திரிங்க, நகருங்க'ன்னு மரியாதையாத்தான் பேசுவாக" என்று தொழிலாளர் லயத்தில் போய்ச் சொல்லிச் சிரிப்பாளாம்.

முதல் பன்றி பதினோரு குட்டி போட்டது. பத்து நாளைக்குள் குட்டிகள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன. பால் வெள்ளை. தோட்டத்துத் துரை ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன நிறம், என்ன சுத்தம் என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெளுப்பை நானும் அழகு என்றுதான் நினைத்தேன். மறுநாளிலிருந்து கழுவுவதைக் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று ஆக்கினேன்.

மூன்றாவது வாரத் தொடக்கத்தில் குட்டிகளின் விலா அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. ஓடிப் பிடித்து விளையாடுகிற வயதில், நாலடி நடந்துவிட்டு நின்று மூச்சு வாங்கின. ஒரு நாள் காலை, கூட்டத்திலேயே பெரிய குட்டி, மற்றவற்றை முட்டித் தள்ளிக்கொண்டு மடிக்கு ஓடியது. பாதி வழியில் விழுந்து செத்துப்போனது. நோஞ்சான் செத்தால் ஏதோ காரணம் சொல்லிக்கொள்ளலாம். நன்றாக வளர்ந்ததாகப் பார்த்துப் பார்த்துச் செத்தால் என்னத்தைச் சொல்ல? மறுநாள் இன்னொன்று. அதுவும் கொழுத்த குட்டி.

அன்றைக்குத்தான் அவள் ஒரு கூடை செம்மண்ணோடு வந்து நின்றாள். பாதை வெட்டிய திட்டிலிருந்து அள்ளி வந்திருந்தாள்.

"சார், இத உள்ள போடட்டா? எங்க லயத்துப் பன்னியெல்லாம் மண்ணுலதான் பெரளும். குட்டியெல்லாம் வாய் செவக்கச் செவக்க மண்ணு திங்கும். இப்பிடிச் செத்து நான் பாத்ததில்ல சார்."

அவள் கேட்டு முடிப்பதற்குள் கொஞ்சம் உள்ளே கொட்டியும் விட்டாள். குட்டிகள் சோறு கண்ட மாதிரி பாய்ந்தன. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"ஏனுங்க்கா, உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா? சாகற குட்டிக்கு மண்ணக் கொடுத்தா புழு வெச்சு இன்னும் வெரசாச் சாகுமுங்க. மொதல்ல இதைக் கழுவி வுடுங்க!"

அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். குட்டிகளின் வாயிலிருந்த மண்ணைக்கூட நான் துணியால் துடைத்துவிட்டேன். அத்தனை அக்கறை. பதினொன்றில் எட்டு செத்தன; மூன்று எப்படியோ தப்பின.

எட்டாவதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கீழே இருந்த மிருகாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனேன். டாக்டர் கோட்டயம் பக்கத்துக்காரர். அறுத்துப் பார்த்தார். ரத்தம் சாயம் போன துணியை அலசிய தண்ணீர் மாதிரி ஓடியது. தரை என்ன தரை என்று கேட்டார். சிமெண்டு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். பன்றிக்குட்டி பிறக்கும்போது கொஞ்சம் இரும்புச் சத்தோடுதான் பிறக்கிறது. அது சில நாளில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு அநேகமாகக் கிடையாது. காட்டுப்பன்றிக் குட்டி மண்ணைக் கிளறித் தின்று அதை ஈடு கட்டிக்கொள்கிறது. சிமெண்டில் அடைத்த குட்டிக்கு நாம்தான் கொடுக்க வேண்டும். பிறந்த மூன்றாம் நாள் தொடையில் ஓர் இரும்பு ஊசி போட்டால் போதும். ஊசி இல்லாவிட்டால் சாணி படாத சுத்தமான மண். வேகமாக வளர்கிற குட்டிக்குத்தான் ரத்தம் அதிகம் தேவை, அதனால் அதுதான் முதலில் சாகும்.

பஸ்ஸில் திரும்பும்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

துரைக்கு எட்டுக் குட்டி செத்தது பிடிக்கவில்லை. இரண்டாவது பன்றி போடும் குட்டிகளும் இப்படிப் போனால் கொட்டிலை மூடிவிடுவேன், கொட்டில் ஆளைக் கொழுந்து பறிக்கத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொன்னார். எனக்கென்ன, வேறு ஊருக்கு மாற்றுவார்கள். நான் வந்து இதை அவளிடம் சொன்னபோது, அவள் குட்டிகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மூடிட்டா என்னத் திரும்ப மேட்டுக்கு ஏத்திருவாக சார். இந்த வயித்த வச்சிக்கிட்டு என்னால ஏற முடியாது. பாதி மேட்டுலேயே கண்ணு இருட்டிட்டு வருது."

"வுட மாட்டனுங்க. ஊசி வந்துரும்" என்றேன்.

மேலாபீசுக்கு மனு எழுதினேன். எத்தனை குட்டிகளுக்கு என்று குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. குட்டிகள் இன்னும் பிறக்கவில்லை, பிறந்த மூன்றாம் நாள் ஊசி தேவை, ஆகவே முன்கூட்டியே கேட்கிறேன் என்று விளக்கி மறுபடி எழுதினேன். பிறக்காத பிராணிகளுக்கு மருந்து வழங்க வழியில்லை, பிறந்த பின் எண்ணிக்கையுடன் மனுச் செய்யவும் என்று பதில். ஒரு கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாள் போட வேண்டிய ஊசிக்கு மூன்றாவது வாரத்தில் பதில் சொல்கிற ஆபீஸ் அது. நேரில் போனேன். அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். ஊசி மட்டும் அவர் கையில் இல்லை. என் மனுக்களைப் பார்த்து, பரிதாபப்பட்டு, இருக்கிறதைக் கொண்டு போங்கள் என்று மாடுகளுக்குப் போடுகிற சுண்ணாம்புச் சத்துப் பாட்டில்கள் இரண்டைக் கட்டிக் கொடுத்தார். அவற்றைச் சுமந்துகொண்டு மழையில் மலையேறினேன்.

இரண்டாவது பன்றி பத்துக் குட்டி போட்டது. நான் அன்றைக்கே எண்ணிக்கையோடு மனுவைத் தபாலில் சேர்த்தேன். பிறகு கையைப் பிசைந்துகொண்டு உட்கார முடியாமல், தாய்ப்பன்றிக்கு வெல்லமும் கீரையும் போட்டேன். ஏலப்பாறைக் கடையில் சத்து டானிக் வாங்கி ஊற்றினேன். டாக்டர் அந்தப் பக்கம் வந்தபோது பார்த்துவிட்டுச் சிரித்தார். தாய்க்கு எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் அது பாலில் இறங்காது, குட்டியின் வாய்க்குத்தான் போக வேண்டும் என்றார். மண் வை, இல்லாவிட்டால் இரும்பு மருந்தை வெல்லப் பாகில் குழைத்து மடிக்காம்பில் தடவு, குட்டி சப்பிக்கொள்ளும் என்றார். அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இரும்பு இல்லன்னா நெசமாவே செத்துப் போயிருமா சார்?"

"செத்துப் போயிருமுங்க. நீங்கதான் பாத்தீங்களே" என்றேன்.

அப்புறம் வேறு வழியில்லாமல் கேட்டேன். "ஏனுங்க்கா, அன்னிக்குக் கொண்டாந்தீங்களே, அந்தச் செம்மண்ணு... எங்கீங்க எடுத்தீங்க?"

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தகுதியானவன்தான். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் ஒரு கூடை. மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு முழம் ஆழத்திலிருந்து தோண்டி எடுக்கச் சொன்னேன். அங்கே சாணியும் இருக்காது, புழு முட்டையும் இருக்காது. மூலையில் கொட்டினால் பத்தும் மூக்கைச் சிவப்பாக்கிக்கொண்டு கிளறும். கழுவுவதை நிறுத்தினேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மண்ணில் எவ்வளவு இரும்பு இருக்கிறது, எந்தக் குட்டி எவ்வளவு தின்றது, யாருக்குத் தெரியும்? அதனால் தினம் காலையில் ஒரு சடங்கு வைத்தேன். அவள் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பாள். நான் காதைப் பார்ப்பேன். ரத்தம் இருந்தால் காது ரோஜா நிறத்தில் தெரியும், உள்ளே நரம்பு சிவப்பாக ஓடும். இல்லாவிட்டால் மெழுகு மாதிரி இருக்கும். பத்துக் காதையும் பார்த்து நோட்டில் எழுதிவிட்டுத்தான் எனக்குச் சாயா.

ஒரு நாள் அவள் மண் கூடைக்குப் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்தாள். உதட்டோரம் சிவப்பாக இருந்தது. மசக்கைக்காரிகள் சாம்பலும் மண்ணும் தின்பதை நானும் ஊரில் பார்த்திருக்கிறேன்.

"குட்டிகளுக்கு வெச்சத நீங்களே தின்னுட்டா எப்படிங்க்கா? கன்னுக்குட்டிக்குக் கட்டறாப்ல உங்களுக்கும் வாய்க்கூட கட்டோணுமாட்ட இருக்குது" என்றேன். பெரிய நகைச்சுவை. அவளும் சிரித்தாள்.

இன்னொன்றும் பார்த்தேன். தாய்ப்பன்றியின் மடிக்காம்புகளில் காலையில் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கும். லேசாகக் கருப்பட்டி வாசம். மண்ணும் தீனியும் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, துடைத்துவிடச் சொன்னேன். "சரி சார்" என்றாள். மறுநாளும் அப்படியே இருந்தது. குட்டிகளின் சாணம் கருகருவென்று இருந்தது. மண் தின்பதால் என்று நோட்டில் எழுதினேன். எழுதுவதில் எனக்கு என்றைக்கும் குறை இல்லை.

மூன்றாவது வாரம் வந்தது. எனக்குத் தூக்கமே இல்லை. பத்துக் காதும் சிவப்பு. நாலாவது வாரம், பத்தும் சுவரில் ஏறிக் குதிக்கப் பார்த்தன. எட்டாவது வாரத்தில் பால் மறக்கடித்தோம். பத்தும் உயிரோடு, பத்தும் கனமாக. துரை வந்து பார்த்துவிட்டு, கொட்டில் இருக்கட்டும் என்றார். அன்று சாயங்காலம் நான் மேலாபீசுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நிரப்பினேன். பிறந்தவை: பத்து. இறந்தவை: இல்லை. பால் மறந்தவை: பத்து. கடைசிக் கட்டம், செலவான மருந்து. அதில் 'இல்லை' என்று எழுதி, இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் 'செம்மண் மட்டும்' என்றும் சேர்த்தேன். ஊசி கொடுக்காதவர்கள் மூஞ்சியில் அறைந்த மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து அவள் ஓடையிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது விழுந்தாள். ஏழாம் மாதம். இரண்டு பெண்கள் தூக்கித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் ஓடினேன். கம்பவுண்டர், வயசான மதுரைக்காரர், அவள் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. மெழுகு. அவள் விலா அடித்துக்கொண்டிருந்தது.

"ஏத்தா, ரெண்டு மாசமா மாத்திரை வாங்கிட்டுப் போனீயே! ரத்தத்துக்குன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தேனே! ஒண்ணாச்சும் முழுங்குனியா? எங்கிட்டுப் போட்ட?" என்று அவர் கத்தினார்.

அவள் என்னைப் பார்த்தாள். மூச்சு விட்டு விட்டுப் பேசினாள்.

"அம்மியில அரச்சுக் கருப்பட்டியில கொழச்சு... காம்புல தடவுனேன். சார்தான் சொன்னாரு, இரும்பு இல்லன்னா செத்துப் போயிரும்னு."

கம்பவுண்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எட்டு வாரமாகத் தினம் காலையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு பன்றிக்குட்டியின் காதைச் சிவப்பா வெளுப்பா என்று நான் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். அந்தக் குட்டியைப் பிடித்திருந்த விரல்கள் என் மூக்குக்கு முன்னால்தான் இருந்தன. நகமெல்லாம் வெளுத்து. நான் பார்க்கவில்லை. மண்ணைத் தின்கிற குட்டிக்கு என்ன குறை என்று டாக்டர் எனக்குப் பாடம் எடுத்திருந்தார். மண்ணைத் தின்ற அவளைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

தேயிலை லாரியில் படுக்க வைத்துக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை முன்னதாகவே பிறந்தது, உள்ளங்கை நீளம்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன. அது எங்கள் யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

அவள் திரும்பி வருவதற்குள் கொட்டில் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். கங்காணியின் மச்சினி. நான் துரையிடம் போய், இந்தக் கொட்டில் இன்று திறந்திருப்பதே அவளால்தான் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சண்டை போட்டேன். இப்போது அவளுக்கு வயிறு இல்லையே, மேட்டில் ஏறலாமே என்றார். அவள் மேட்டுக்குத்தான் போனாள். போகும் வழியில் ஒரு நாள் குழந்தையைக் காட்ட வந்தாள். நான் என்னை அறியாமல் குழந்தையின் காதை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டேன்.

"என்ன சார், இதுவும் பன்னிக்குட்டியா?" என்று சிரித்தாள். "செவப்பா இருக்கா?"

"இருக்குதுங்க" என்றேன். "நீங்க மாத்திரை முழுங்கறீங்களா?"

"முழுங்குதேன், முழுங்குதேன்" என்றாள். நான் நம்பவில்லை. என் எதிரிலேயே ஒன்று விழுங்க வைத்துவிட்டுத்தான் விட்டேன். அதற்குள் கங்காணி விசில் ஊதிவிட்டார்.

மேலாபீசிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மருந்தே இல்லாமல் பத்துக் குட்டிகளையும் காப்பாற்றியது மற்ற இடங்களுக்கும் முன்மாதிரி, ஆகவே இந்தக் கொட்டிலுக்கு இரும்பு ஊசி இனித் தேவைப்படாது, நிலுவையில் இருக்கும் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று இருந்தது. கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவிவிட்டு, அதற்குக் கீழேயே பதில் எழுதினேன். என் அறிக்கை தவறு. மண் காப்பாற்றியதா, மாத்திரை காப்பாற்றியதா என்று எனக்குத் தெரியாது. செலவான மருந்து என்ற இடத்தில், ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு மாதத்துக்குக் கொடுத்த இரும்பு மாத்திரைகள் என்று திருத்திக்கொள்ள வேண்டும். ஊசியை உடனே அனுப்ப வேண்டும்.

வழக்கம்போல மூன்று வாரத்தில் பதில் வந்தது, இரண்டே வரியில். மனிதருக்கு வழங்கப்பட்ட மருந்தைக் கால்நடைப் படிவத்தில் சேர்க்க இயலாது. முந்தைய அறிக்கையே நிற்கும்.

எங்காவது ஒரு அலமாரியில் அது இன்னும் நிற்கும். பிறந்தவை பத்து, பால் மறந்தவை பத்து, செலவான மருந்து இல்லை. கீழே என் கையெழுத்து.